பச்சைக் கீற்றின் கீழே

இந்த ஊர்த் தென்னை மரங்களில் காய் இருக்காது. கடற்கரை ஓரமாக வரிசை பிடித்து, தலை சீவிவிட்ட பிள்ளைகள் மாதிரி நிற்கும். அண்ணாந்து பார்த்தால் மட்டை இருக்கும், குலையை வெட்டிய தழும்பு இருக்கும், காய் மட்டும் இருக்காது. மரத்துக்கு ஏதோ நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகள் கலை சிரித்தாள். நடந்து போகிறவர்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது என்று பிஞ்சிலேயே ஆள் விட்டு எடுத்துவிடுவார்களாம். பேராவூரணிப் பக்கத்தில் நாங்கள் தென்னைக்குக் கீழேயே பாய் விரித்துத் தூங்கியவர்கள். தேங்காய்க்கு மூன்று கண் இருக்கிறது, ஆளைப் பார்த்துத்தான் விழும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் அந்த நம்பிக்கைக்கு வேலை இல்லை. எது விழுமோ அதை முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே போனாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் அடுத்தவரைக் கூப்பிட்டுச் சொல்லி எழுத வைக்கிற ஆள் இல்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும் என்னைப் போல இங்கே பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கிவிட்டவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கலை உணவகங்களுக்கு உள்அலங்காரம் போடுகிறவள். எங்கே மேசை, எங்கே விளக்கு, சுவர் என்ன நிறம், எல்லாம் அவள் வரைகிறபடிதான் நடக்கும். இதுவரை பெரியவர்களுக்குக் கீழே செய்துகொண்டிருந்தாள். பாலம் தாண்டி வருகிற தீவில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் உணவகம்தான் அவள் தனியாக எடுத்துச் செய்கிற முதல் வேலை. முதலாளி ஒரு சீன அம்மாள். இது சரியாக அமையாவிட்டால் இன்னொன்று தர மாட்டார்கள் என்று கலை பலமுறை சொல்லிவிட்டாள். சொல்லும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். அவளுக்கு ஆறாம் மாதம். முதலில் உண்டானது தங்கவில்லை.

ஒருநாள் புக்கிட் பாத்தோக் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கண்ணாடியும் இரும்பும்.

"உள்ள கால வச்சதும் தீவுல இருக்கோம்னு தெரியணுமாம்மா. எனக்கு ஒண்ணும் ஓடல."

நான் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னேன், "தென்னைய வெளியில நட்டு வச்சுட்டு உள்ள கண்ணாடி போட்டா எப்படித் தெரியும்? கீத்து போடு."

வண்டி நிற்கிற இடத்திலிருந்து உணவக வாசல் வரைக்கும் தாழ்வாகக் கீற்றுப் பந்தல், குனிந்து நடந்து போய் நிமிர்ந்தால் நேரே கடல். அது என் யோசனை. கட்டடத்துக்கு மேலே நிஜக் கீற்று போட இங்கே தீயணைப்புச் சட்டம் விடாதாம், அதற்குப் பிளாஸ்டிக்கில் வருகிறதாம். பந்தலுக்கு மட்டும் நிஜ ஓலை என்று முடிவு செய்து, பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து மட்டை வரவழைத்தாள். அந்த வாரம் முழுவதும் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், மறைப்பானேன்.

பந்தல் முக்கால்வாசி முடிந்ததும் கலை என்னை அழைத்துப்போய்க் காட்டினாள். வண்டியை விட்டு இறங்கியதும் வண்டிக் கதவைப் பிடித்தபடியே பார்த்தேன். நீளமாக, தாழ்வாக, முழுக்கப் பச்சை மட்டையில் முடைந்த கீற்று. அந்தப் பச்சை வாடை கடல்காற்றையும் மீறி வந்தது. எங்கள் பக்கத்தில் மட்டையைக் கீறி, குளத்தில் ஊறப்போட்டு, பழுத்த பிறகுதான் முடைவோம். கூலிக்கு முடைந்தவள் நான், என் கீற்றை ஒருவரும் கோணல் என்று சொன்னதில்லை. பச்சையாக முடைவது ஒன்றே ஒன்றுக்குத்தான். பாடைக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சோற்றுப் பானையில் காலை வைக்காதே என்று யாராவது சொல்லித் தருவார்களா? அதனால்தான் நானும் கலையிடம் ஊறப்போடச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாடை போகும்போது பிள்ளைத்தாய்ச்சியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். இங்கே என் பிள்ளைத்தாய்ச்சி அளவு நாடாவும் கையுமாக அதன் கீழேயே போவதும் வருவதுமாக இருந்தாள்.

வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், முதலாளியம்மாள் வருகிற நாள் நெருங்கிவிட்டது, வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எது போகுமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கிற வெறுந்தளத்தில், ஒரு சீனக் குடும்பம் சாவுக்கு வெள்ளைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தது. அதே தூண்களுக்கு நடுவில் முன்பு ஒரு மலாய்க் கல்யாணம் நடந்து எங்களுக்கும் பிரியாணி வந்தது. இந்த ஊர்க்காரர்கள் இரண்டுக்கும் ஒரே தரையைக் கழுவிவிட்டுப் புழங்குகிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கலையைச் சுற்றுப் பாதையில் மின்தூக்கிக்கு அழைத்துப் போனேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் கடைகள் இருக்கிற தேக்கா பக்கம் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான பூக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், மன்னார்குடிக்காரர், ஆனால் பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டுவிட்டது. சரம் தொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"என்னம்மா நீங்க, இந்த ஊர்ல செத்தாலே பாடை கிடையாது லா. வண்டி வருது, ஏத்திக்கிட்டுப் போயிடுறாங்க. பாடையே இல்லாத ஊர்ல பாடைத் தோஷம் எங்கேருந்து வரும்?"

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கொத்து மாவிலையைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, வாசலில் கட்டுங்கள், மனசுக்கு ஆகும் என்றார். அவருக்கும் கொஞ்சம் பயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

முதலாளியம்மாள் வருகிற அன்று நானும் வருகிறேன் என்று அடம்பிடித்துப் போனேன். கலை உள்ளே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல் வேலை செய்கிற மலாய்ப் பெரியவர் கடைசிக் கீற்றை முடைந்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பாக் சிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் பெரியப்பா மாதிரி. அவரிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்று பச்சை மட்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, கடல் தண்ணீரைக் காட்டி, முக்குவது போலவும் ஊறுவது போலவும் செய்து காட்டினேன். அவர் அக்கறையாகத் தலையாட்டினார். எழுந்து போய் ஒரு நாற்காலியும், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்தார். மாக் சிக், அதாவது பெரியம்மா, குடியுங்கள், வெயில் அதிகம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். குடித்தேன், வேறு என்ன செய்ய. பிறகு கீற்றைக் காட்டி, "காவின், காவின்" என்று சொல்லி, மாப்பிள்ளை பெண் உட்காருவது போலத் தோளை நிமிர்த்தி உட்கார்ந்து காட்டிச் சிரித்தார். காவின் என்றால் கல்யாணம், அது எனக்குத் தெரியும். இதே பச்சை ஓலைதான் அவர்களுக்குக் கல்யாண வீட்டுச் சிங்காரம் போலிருக்கிறது. என் கையில் இருந்த மாவிலையை அவரே வாங்கிப் பந்தலின் முன்கம்பத்தில் அழகாகக் கட்டிவிட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டே கலை வெளியே வந்தாள். மாவிலை எதற்கு என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கலை, பச்சையா முடையக் கூடாதுடி. அது எதுக்குன்னு..."

"தெரியும்மா."

"என்னடி தெரியும்?" என்றேன்.

"அப்பாவுக்கு முடைஞ்சாங்கள்ல. நீங்க எல்லாம் உள்ள அழுதுக்கிட்டு இருந்தீங்க. நான் வாசல்ல அவங்க முடையிறதப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்பாவ நினைச்சா எனக்கு மூஞ்சி வரல. அந்த வாசனைதான் வருது. பாக் சிக் காஞ்ச ஓலைதான் கொண்டாறேன்னார். நான்தான் பச்சைன்னு சொன்னேன்."

அவள் அப்பா போனபோது கலை இரண்டாம் வகுப்பு. அவளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

முதலாளியம்மாள் என் வயதுக்காரர். குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார், நானும் கலையும் பின்னால் போனோம். பாதி தூரத்தில் நின்று மூச்சை இழுத்தார். மறுமுனையில் நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கலை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் அவர் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். கலையின் பிடி தளர்ந்ததில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பிடித்துவிட்டதாம். வாசனை போகாமல் இருக்க அடிக்கடி ஓலை மாற்ற வேண்டும், மொத்தமாக மாற்றினால் வழியை அடைக்க வேண்டிவரும், அதனால் ஒருமுறை பாதி, மறுமுறை மீதிப் பாதி என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

உணவகம் திறந்தாகிவிட்டது. நேற்று போயிருந்தோம். வண்டி நிற்கிற பக்கத்துப் பாதி காய்ந்து, எங்கள் வீட்டுக் கூரை மாதிரியே பழுப்பாகிவிட்டது. கடல் பக்கத்துப் பாதியில் பாக் சிக் புது ஓலை போட்டிருந்தார், பச்சை பளபளவென்று இருந்தது. நான் பழுப்பு முடிகிற இடத்தில் நின்றுகொண்டேன், அதைத் தாண்டிக் கால் போகவில்லை. கலை பச்சைக்குள் போய், கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. வா என்று கூப்பிட்டேன், அவள் வரவில்லை. ஒரு காலைப் பச்சைக்குள் எடுத்து வைத்தேன், மற்ற காலைப் பழுப்பிலிருந்து எடுக்காமலே. அண்ணாந்து பார்த்தேன். மேலே விழுவதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் முந்தானையை இழுத்து, கை எட்டின மட்டும் நீட்டி, அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன்.