இருபத்தேழாவது நகர்வு

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், இது நடந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள் சதுரங்க நடுவராக இருந்தவள் நான். கண்டதை மட்டுமே அறிக்கையில் எழுதுவேன். கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. ஒரே ஒரு முறை தவறினேன்.

ஈராண்டுகளுக்கு முன், எங்கள் மன்றப் போட்டியின் கடைசிச் சுற்று. பல் மருத்துவருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடியவன், என் உடன்பிறந்த தம்பி. இருபத்தேழாவது நகர்வுக்கு முன் எழுந்து கழிவறைக்குப் போனான். திரும்பி வந்ததும் யானையைப் பலி கொடுத்தான். மருத்துவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினார்.

“மனுஷன் ஆடுற ஆட்டமா இது? பாத்ரூம்ல போன் சொல்லிக் குடுத்திருக்கு!”

“தினம் பல்லப் புடுங்குறீங்க டாக்டர், ஒரு யானையப் புடுங்கப் பயமா?” என்று தம்பி சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. காய்கள் நின்ற நிலையை, சிறந்த நகர்வைக் கணிக்கும் கணினி நிரலான செஸ் இன்ஜினில் அடுக்கினேன். முதல் தேர்வாக அதே யானைப் பலியைத்தான் அது காட்டியது. தம்பி என்பதால் விட்டுவிட்டாள் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதே! ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, ஐந்தாண்டுத் தடை விதித்தேன்.

“அக்கா, இன்னொரு தடவ பாரு,” என்றான்.

பார்க்கவில்லை.

அதற்குப் பின் அவன் காயைத் தொடவில்லை. என் வீட்டுப் படியும் ஏறவில்லை. பதினான்காம் மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

சென்ற மாதம் அவன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா ஏமாத்தினாரா இல்லையா, அத்தை? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். சாயங்காலம் வரேன்.”

அன்று பிற்பகல் மணி 3.10. கதவைத் தாழிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆட்டக்காரர் எழுதும் பதிவுத்தாளின் அசல் அவருக்கு. அடியிலிருக்கும் கார்பன் படி நடுவருக்கு. தம்பியின் படி என் கோப்பில் இருந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே மணியைக் குறிப்பது அவன் வழக்கம். முதல் நகர்விலிருந்து கணினியில் உள்ளிட்டேன். மரப்பலகையிலும் காய்களை நகர்த்திக்கொண்டே வந்தேன்.

இருபத்தேழு. இன்ஜின் வேறு நகர்வைக் காட்டியது. இரண்டாவது இன்ஜினை ஓட்டினேன். மூன்றாவதையும் ஓட்டினேன். யானைப் பலி முதல் ஐந்தில்கூட இல்லை. மூன்றுமே அதைப் பெருந்தவறு என்றன.

என் பழைய அறிக்கையை எடுத்தேன். அன்று பதிவுத்தாளைப் பார்த்து உள்ளிடாமல், அவசரத்தில் பலகையைப் பார்த்து அடுக்கியிருக்கிறேன். நான் அடுக்கியதில் ஓரத்து வெள்ளைச் சிப்பாய், இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு கட்டம் முன்னால் நின்றது. ஒரே ஒரு கட்டம்... அந்த நிலையில்தான் யானைப் பலி சரியான நகர்வு.

கணினி ஒருநாளும் ஆடாத பிழையை, என் தம்பி தன் சொந்தப் புத்தியால் ஆடியிருந்தான்.

மணி 3.43. மருத்துவர் அன்று என்ன ஆடியிருக்க வேண்டும்? சிப்பாயால் யானையை வெட்டு என்றது இன்ஜின். பலகையில் வெட்டினேன். அடுத்ததைப் பார்க்கத் திரையின் பக்கம் திரும்பினேன்.

டக்.

கடிகாரத்தின் பொத்தானை அழுத்தும் ஓசை. என்னிடம் கடிகாரம் இல்லை.

திரும்பினேன். கறுப்புக் குதிரை நகர்ந்திருந்தது. அதன் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

தம்பி குதிரையை அப்படித்தான் வைப்பான். “நேரா வைடா” என்று நான் அதட்டினால், “அது ராஜாவைப் பாத்துக்குதுக்கா” என்பான்.

மணி 3.52.

குதிரையை நேராக்கினேன். வெள்ளையை நகர்த்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

டக்.

4.01. ராணி நகர்ந்திருந்தது. குதிரை... மீண்டும் பக்கவாட்டில்.

“நீயாடா?”

வெள்ளையை நகர்த்தினேன்.

ஓசை வரவில்லை.

4.10.

கறுப்பு ராஜா... தோல்வியை ஒப்புக்கொள்பவர் சாய்ப்பதைப் போல, மெல்லச் சாய்ந்து படுத்தது.

ஆறு மணிக்குத் தம்பி மகள் வந்தாள். “உன் அப்பா ஏமாத்தல. நான்தான் காயைத் தப்பா வெச்சேன்,” என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அழுதுவிட்டுப் பையிலிருந்து மடித்த தாளொன்றை நீட்டினாள்.

“அப்பாவோட அசல், அத்தை. அவர் போன நாள்லேருந்து பீரோவுலயே பூட்டிக் கெடந்துது. கெளம்பும்போதுதான் எடுத்தேன். பிரிச்சுக்கூடப் பாக்கல.”

பிரித்தேன். இருபத்தேழுக்குக் கீழே, என் கார்பன் படியில் இல்லாத மூன்று வரிகள். அவன் கையெழுத்து. எதிரே மணி: 3.52, 4.01, 4.10.

முடிவு: வெள்ளைக்கு வெற்றி. அருகே அவன் கையொப்பம்; அதன் கீழே தேதி: போட்டி நடந்த நாள் அல்ல, நான் பலகை முன் உட்கார்ந்திருந்த அதே நாள்.

எல்லாரையும் போல அவனும் தோற்றிருப்பான். நான் அவனைத் தோற்க விட்டிருந்தால் போதும்.

நடுவர் கையொப்பத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.