சாயப்பட்டறையில் வெந்த போக்கர் சிப்ஸ்

நண்பன் கதிரின் அப்பா சேர்த்துவைத்த பழைய போக்கர் சிப்ஸ், சீட்டாட்டத்தில் பந்தயம் வைக்கும் வட்ட வில்லைகள், அழுக்கேறி மங்கியிருந்தன. துடைத்துத் தருவதாக வாங்கி வந்தேன். நாளை திருப்பித் தரவேண்டும்.

வீரபாண்டியில் சாயப்பட்டறை மாஸ்டராக இருக்கும் என் மாமா கண்ணில் அவை பட்டுவிட்டன.

"ஈரத்துணியில துடைச்சாப் போதுமுங்க மாமா."

"முப்பது வருசமா பனியன் துணி வெளுக்கறேன். எனக்கே சொல்லித் தர்றியா கண்ணு?"

பட்டறைக்குக் கொண்டுபோய், துணி வெளுக்கும் பெராக்சைடில் கொதிக்கவைத்தார். சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் ஒரே சுண்ணாம்பு நிறத்தில் வெளியே வந்தன. பாதி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன.

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன்.

"பழைய கலரைச் சொல்லு கண்ணு. சாம்பிள் போட்டுத் தர்றேன், உன் ஃப்ரெண்டுகிட்ட அப்ரூவல் வாங்கிக்க."

கதிர், ஒவ்வொரு கலருக்கும் ஷேடு நம்பரைக் கமெண்டில் போடு. முப்பது வருடம் வெளுத்ததில் மாமாவின் மூளையில் ஒரு கறைகூட மிச்சமில்லை.