முன்கட்டையில் ஒரு மீன்

ரெய்னோ லாஹ்தெலாவின் பட்டறைக்குள் போன எந்தப் பட்டாளத் துப்பாக்கியும் பட்டாளத் துப்பாக்கியாகத் திரும்பி வந்ததில்லை. அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்கரையில், செப்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த எங்கள் ஃபின்லாந்துக்காரர் ஊரில், மான் வேட்டைக்கு ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் கதி. புதுத் துப்பாக்கி யானை விலை. போரில் மிஞ்சியதோ பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்து கொள்ளை மலிவாகக் கிடைத்தது. ரெய்னோ குழலுக்கு அடியில் ஓடும் நீளமான மர முன்கட்டையைப் பாதியில் அறுப்பார், பட்டாள முத்திரையை அரத்தால் ராவுவார், தொலைநோக்கி மாட்டத் துளை போடுவார். நாலே நாளில் அது வேட்டைத் துப்பாக்கி.

பழையதை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும். “செத்தவன் சட்டைய வெட்டித் தச்சு இன்னொருத்தன் போட்டுக்கலாம். ஆணியில மாட்டி வச்சுக் கும்பிடவா முடியும்?” என்பார்.

அறுத்த துண்டுகள் எல்லாம் பிர்ச் மரம். எங்களவர்களுக்குச் சனிக்கிழமை சவுனா இல்லாமல் வாரம் முடியாது. கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அதில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் வேர்த்துக் குளிக்கவேண்டும். காய்ந்த பிர்ச்சைப் போல அதற்கு வேறு விறகு கிடையாது. ரெய்னோ வீட்டு சவுனாவுக்குத் தெருவே வரும், முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். துண்டுகளில் சிப்பாய்கள் கத்தியால் கீறிய பெயர்கள் இருக்கும். விறகுக்கு என்ன பெயர் வேண்டிக்கிடக்கிறது?

1961 அக்டோபரில், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஆவ்னே ஒரு கடிதத்தோடு பட்டறைக்கு வந்தாள்.

“அண்ணே, எங்க உர்ஹோகூட சண்டையில நின்னவர் எழுதியிருக்கார்.”

உர்ஹோ அவள் தம்பி. தாத்தாவின் ஊரைப் பார்க்க ஃபின்லாந்து போனவன், ரஷ்யாவோடு போர் மூண்டதும் அங்கேயே பட்டாளத்தில் சேர்ந்து, ஒரு சதுப்புக் காட்டில் செத்தான். உடல் கிடைக்கவில்லை. துப்பாக்கியை மட்டும் கடிதம் எழுதிய அந்த நண்பர் எடுத்துவந்து, சண்டை முடியும்வரை சுமந்து, பிறகு அரசாங்கத்திடம் ஒப்படைத்தாராம்.

“இப்ப அதையெல்லாம் அமெரிக்காவுக்கு வித்துட்டாங்களாம். முன்கட்டைக்கு அடியில அவன் பேரோட முதல் எழுத்து இருக்கும், பக்கத்துல ஒரு மீனு. வந்தா அறுத்துடாதீங்கண்ணே. இருக்கிறபடியே எனக்குக் குடுங்க. போய் நின்னு அழ எனக்கு ஒரு கல்லறைகூட இல்ல.”

மீன். ரெய்னோவுக்கு அது நினைவிருந்தது. கோடையில் வந்த பெட்டியில் அது இருந்தது. செதில்கூட விடாமல் செதுக்கியிருந்ததைப் பார்த்து, ‘கைக்காரன்தான்’ என்று மெச்சிக்கொண்டேதான் அதன்மேல் ரம்பத்தை வைத்தார்.

“வந்தா சொல்றேன்மா,” என்றார்.

அந்தப் பொய்க்குப் பிறகு கை ஓடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர், ஒன்றில் வெறும் தேதி, ஒன்றில் பாதியில் நின்ற எழுத்து. தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு வாசலைப் பார்த்தார், பெயருக்கு உரியவர்கள் வந்து நிற்பார்களோ என்று. மனுஷன் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, சுரங்கக்காரர் வில்ஹோ வந்து கத்தினார். “ஏம்பா, என் துப்பாக்கிய இன்னும் தொடவேயில்லையா?”

“அறுக்க மாட்டேன். வேணும்னா இப்படியே எடுத்துட்டுப் போ.”

“இந்த நீளத்தைத் தூக்கிட்டு நான் மானைச் சுடப் போறதா, ரஷ்யாக்காரன்மேல படையெடுக்கிறதா?”

ரெய்னோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வில்ஹோ அத்தோடு விட்டிருப்பார்; ஊரெல்லாம் சொல்லிவைத்தார், பட்டறைக்கு ஆள் வருவது நின்றது.

ஆவ்னே மட்டும் வாரம் தவறாமல் வந்தாள். ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து வைத்து, “பெட்டி ஏதாவது வந்துச்சாண்ணே?” என்பாள். நாலாவது முறை வந்தபோது தட்டைத் தள்ளி வைத்தார்.

“அது முன்னமே வந்துடுச்சும்மா. நீ கேட்கிறதுக்கு முன்னாடியே நான் அறுத்துட்டேன். இரும்பு யாரோ டெட்ராய்ட்காரன்கிட்ட இருக்கு. அந்த மீனு... அடுப்புல போட்டுட்டேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“என்னைக்கு?” என்றாள்.

“ஜூன் மாசம், யோவான் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை.”

ஆவ்னே மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் சவுனாவுக்குள்ளதான் இருந்தேன். உங்க சம்சாரம் தண்ணி ஊத்தினாங்க. இன்னும் ஊத்துங்க, இன்னும் ஊத்துங்கன்னு நான்தான் கேட்டேன். இந்த வருஷத்துலயே இன்னைக்குத்தான் நல்ல சூடுன்னு சொல்லிட்டுப் போனேன், அண்ணே.”