காற்றை வடிகட்டிய வேட்டி

பேசத் தெரியாத குழந்தைக்குக் குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டுப் பார் என்கிறார்கள். தொட்டுப் பார்க்கிறேன். உள்ளங்கை சில்லென்று இருக்கிறது, கழுத்து கதகதப்பாக இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது?

வளைகுடாப் பாலைவனத்தில் நாங்கள் வசிப்பது ஒரு கேரவனில். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், சக்கரம் வைத்த சின்ன வீடு. இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் பாலைவனத்தில் தங்கிப் பொழுதுபோக்க அதைக் கொண்டுவருவார்கள். எங்களுக்கு அதுதான் வீடு. என் கணவர் சாலை போடும் கம்பெனியில் என்ஜினியர். முன்பு நானும் மகளும் ஷார்ஜாவில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம். அவர் விடுமுறை நாளில் மட்டும் வருவார், அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ஒருமுறை மகளைத் தூக்கப் போனபோது அவள் அவரை அந்நியரைப் போலப் பார்த்து வீறிட்டாள். அவர் கைகளை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நாங்களும் சாலை வேலை நடக்கும் சைட்டுக்கு வருகிறோம் என்று பிடிவாதம் பிடித்தேன். அங்கே சும்மா நின்ற கேரவனைக் கம்பெனி தந்தது.

"வெயில் காலத்துல கஷ்டம்மா," என்றார்.

"அதான் ஏசி இருக்கேங்க."

ஏசி கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கூரையிலுள்ள மூன்று துவாரங்கள் வழியாகக் குளிர்ந்த காற்று இறங்கும். வந்த புதிதில் இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். கேரவனின் சுவர் தகரமும் பஞ்சும்தான், ஒருமுறை சூடேறிவிட்டால் சீக்கிரம் தணியாது. அதனால் காலையிலேயே ஏசியைப் போட்டுவிட வேண்டும். மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியே வெள்ளித்தாள் ஒட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் குக்கரை இறக்கிவிட வேண்டும். கெட்டிலையும் ஏசியையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் போய்விடும். மின்சாரம் தரும் ஜெனரேட்டரை மாற்றும்போது ஏசி நின்றால், உடனே போடாமல் சற்றுப் பொறுக்க வேண்டும். நான் படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பரீட்சைக்குப் படித்ததைவிடக் கவனமாகப் படித்தேன்.

பகல் முழுக்க எனக்குத் துணை அந்த இரைச்சல்தான். ஜன்னலுக்கு வெளியே மணல், கல் குவியல், ரோலர். தூரத்துக் கொட்டகையில் டீக்குக் கூடுகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள், அரியலூரும் ராமநாதபுரமுமாக. ஒரு சாயங்காலம் தமிழ் கேட்கும் ஆசையில் மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

"ஒங் கல்யாணத்துக்குள்ள இந்த ரோடு முடிஞ்சிருமாடா?"

"மொத பொண்ணு அமையட்டும்ணே, ரோடு தானா முடியும்."

"அப்ப ரோடு முடிஞ்ச மாதிரிதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். "டேய், மேடம் வர்றாங்க." பேச்சு அப்படியே நின்றது. ஒருவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதைதான். நான் உட்காரவில்லை. "சும்மா நடந்தோம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கொஞ்ச தூரம் வந்ததும் பேச்சு மறுபடி தொடங்கியது காதில் விழுந்தது.

தினமும் மாமியார் வீடியோவில் வருவார். அவருக்கு ஏசி என்றாலே சளி.

"ஏம்மா, புள்ளைக்கு குல்லா எங்க?"

"போட்டுத்தான் இருந்தது அத்தை, பிடுங்கிப் போட்டுட்டா."

"அவ பிடுங்குவா, நீதான் பாக்கணும். நெஞ்சுல கட்டிக்கிச்சுன்னா அந்தக் காட்டுல டாக்டருக்கு எங்க போவ?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவமனை ரொம்ப தூரம், வண்டியோ அவரிடம். மறுநாள் மகள் இரண்டு தும்மல் போட்டாள். கட்டிலுக்கு மேலிருந்த துவாரத்தை மூடினேன். சமையல் மேடைப் பக்கத்துத் துவாரத்தையும் மூடினேன். மூன்றாவதை மூடினால் புழுங்குமே. அவள் பிறந்தபோது தூளி கட்டிய அவருடைய பழைய வேட்டி பெட்டியில் இருந்தது. வீட்டிலேயே மெல்லிய துணி. அதை இரண்டாக மடித்து, மூன்றாவது துவாரத்தை மறைத்துக் கட்டினேன். காற்று அதற்குள் நுழைந்து மெதுவாக வந்தது. குல்லா, காலுறை எல்லாம் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக அன்றைக்கு ஒரு நிம்மதி.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மகளின் முகம் சிவந்திருந்தது. குல்லாவை எடுத்தேன். முடி மொத்தமும் நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. ஏசி இரைந்துகொண்டேதான் இருந்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் காற்றைக் கவனிக்கவில்லை. வேட்டியைப் பிடுங்கிக் கையை நீட்டினேன். காற்றே இல்லை. மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் வெளியே அதைவிட அனல். அவளுடைய உடுப்பை எல்லாம் கழற்றி, ஈரத் துண்டால் துடைத்து, பாட்டில் மூடியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். மறுபடி அழைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், கொட்டகைக்கு ஓடலாமா என்று செருப்பைக் காலில் மாட்டினேன். இந்த வெயிலில் அவளை எப்படித் தூக்கிப் போவது, விட்டுவிட்டு எப்படிப் போவது என்று வாசலிலேயே நின்றேன். அப்போதுதான் அவருடைய பிக்கப் வண்டி வரும் புழுதி தெரிந்தது.

என் அழைப்புகளைத் தாமதமாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர், முதலில் மகளை வாங்கி வண்டிக்குள் உட்காரவைத்து ஏசியைத் திருப்பிவிட்டார். அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். பிறகு கேரவனுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, வேட்டியோடு திரும்பி வந்தார்.

"உள்ள ஐஸ் கட்டிப்போச்சு. காத்து வெளிய போக வழியில்லன்னா அப்படித்தான் உறையும். வெறும் ஃபேனை மட்டும் ஓட விட்டிருக்கேன், உருகிடும். இது எதுக்கு?"

"காத்து நேரா அவ மேல படக் கூடாதுன்னு."

அவர் வேட்டியை விரித்துப் பார்த்தார். "டீயத்தான் வடிகட்டுவாங்க. நீ காத்தையும் வடிகட்டுறியா?"

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஐஸ் உருகும்வரை மூன்று பேரும் பிக்கப்பின் முன்சீட்டில் இருந்தோம். குல்லா இல்லாமல், காலுறை இல்லாமல், காற்று நேராக முகத்தில் அடிக்க மகள் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். இங்கே வந்த பிறகு நான் தனியாக இல்லை என்று தோன்றிய பகல் அது ஒன்றுதான்.

"ஊருக்குப் போயிடறியா?" என்று அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "துணியை எடுத்துட்டா ஏசி ஓடும். ஆனா ஜெனரேட்டரே நின்னுட்டா? நான் தூரத்துல இருந்தா? உச்ச வெயில் காலம் இன்னும் வரவே இல்லம்மா."

"நாங்க போயிட்டா உங்களை மறுபடி மறந்துடுவா."

"மறந்தா மறுபடி பழகிக்கலாம்," என்றார். குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

மகளுக்குச் சளி பிடிக்கவில்லை, காய்ச்சலும் வரவில்லை. இப்போது மூன்று துவாரங்களும் திறந்திருக்கின்றன, காற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறேன். மாமியாருடன் பேசும்போது மட்டும் குல்லா போடுகிறேன். தொட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை. குடும்பம் இங்கேயே இருக்குமா என்று கம்பெனி கேட்கிறது, என் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார். இருந்தால் ஒரு இயந்திரத்தை நம்பி இருக்க வேண்டும், போனால் அவள் அப்பாவை ஃபோனில்தான் பார்ப்பாள்.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தையோடு இப்படி ஒரு கேரவனிலோ, தகர அறையிலோ வளைகுடாவின் கோடையைக் கடந்தவர்கள் இருப்பீர்கள். குளிரை எந்த அளவில் வைத்தீர்கள்? மின்சாரம் நின்றபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனீர்கள்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் இருப்பீர்களா, கிளம்புவீர்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.