பார்சல் செய்யப்பட்ட அறையில் ஒரு கிரகணம்

போன வியாழக்கிழமை காலை, மைசூரில் எங்கள் தெருவே மொட்டைமாடியில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஓர் இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் கிரகணம் பார்க்க ஒரு வாரமாகத் தயாரானவள் நான். அதற்கென்றே சிறப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தேன். பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒரு வியாதி — எது நடந்தாலும் நேரில் பார்த்தாக வேண்டும். கண்ணாடியோடு படியேறப் போனபோது, பக்கத்து வீட்டு சரோஜாம்மா வழிமறித்தார்.

"ஏனுங்க மேடம், மாடிக்குங்களா? ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நம்ம கவிதாகூடச் செத்த நேரம் உள்ள உக்காருங்க. நான் அடுப்படிக்குப் போனா, அவ மாடிக்கு ஓடிருவா."

கவிதா அவருடைய மருமகள். எட்டு மாதக் கர்ப்பிணி. பல வருடம் ஏங்கியபின் தங்கிய கரு. சரோஜாம்மாவுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். கிரகண வெளிச்சம் கர்ப்பிணி மேல் பட்டால் குழந்தைக்கு ஆகாது என்பது அவரிடம் விவாதத்துக்கு உரிய விஷயமே இல்லை.

"அப்படியெல்லாம் ஒன்றும்..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டேன். அத்தனை வருடம் காத்திருந்தவரிடம் வாசற்படியில் நின்று என்ன அறிவியல் பேசுவது?

உள்ளே போனால்... அப்படி ஓர் இருட்டு! கவிதாவின் கணவர் முருகேஷுக்கு ஹெப்பாள் ஃபேக்டரி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. ஷிஃப்டுக்குப் போகுமுன் தொழில் சுத்தத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். கிழக்கு ஜன்னல் முழுக்க அட்டைப்பெட்டி. விளிம்பெல்லாம் பிரவுன் டேப். கதவிடுக்கில் போர்வை.

கவிதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மைசூரிலேயே பிறந்தவள், அவள் தமிழில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"நோடி, பாருங்க அக்கா, ரூமையே பார்சல் பண்ணிட்டாரு. அட்ரஸ் ஒட்டறதுதான் பாக்கி."

"மொபைல்ல லைவ் பார்க்கலாமே?"

"அதையும் அத்தை பிடுங்கிட்டாங்க. ஃபோன் வழியா வந்தாலும் கிரகணம் கிரகணம்தானாம்!"

மாடியிலிருந்து "ஓ..." என்று கூச்சல். ஒவ்வொரு கூச்சலுக்கும் அவள் முகம் சுருங்கியது. "இவ்ளோ பெரிய கிரகணம் மறுபடி எப்பக்கா வரும்?" என்றாள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

என் கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஆனால் வட்டமில்லை — கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி.

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். அட்டையின் மேல்பக்கம், ஸ்டேப்பிள் பின் பிடுங்கிய இடத்தில் ஒரு துளை. முழு இருட்டு, ஒரே துளை... கேமரா என்பதே அதுதானே! கிரகணத்தைத் தடுக்கப் போய், அதைப் படம்காட்டும் பெட்டியையே செய்துவிட்டுப் போயிருக்கிறார் முருகேஷ்.

"அக்கா, அது... சூரியனா?"

"சாட்சாத் சூரியன்தான்."

கவிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூரியன் மேலே ஏற ஏற, பொட்டு சுவரிலிருந்து இறங்கியது. கடிபட்ட இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கட்டில் ஓரம், போர்வை என்று நகர்ந்து... பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் இருவருமே அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

டம்ளரில் தர்ப்பைப்புல் போட்ட பாலோடு சரோஜாம்மா உள்ளே வந்தபோது, பொட்டு மெல்லிய பிறையாகியிருந்தது. மருமகளின் நீல நைட்டியில், சரியாக வயிற்றின் உச்சியில்.

"அய்யோ சாமி!"

டம்ளரைப் பொத்தென்று வைத்தார். பாய்ந்து வந்து வயிற்றுக்கு மேலே கையை விரித்தார். பிறை அவர் உள்ளங்கையில் விழுந்தது.

சரோஜாம்மா கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"இதுங்களா அது?"

"இதுதாம்மா."

"சுடவே காணமே! பொறந்ததுலருந்து இதுக்குப் பயந்து கதவடைச்சுக் கெடந்தவ நானு. ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க... இத்தினியூண்டுதானா?"

"அத்தை, நீங்க மட்டும் பாக்கறீங்களே, நியாயமா?" என்றாள் கவிதா.

சரோஜாம்மா ஒரு கணம் யோசித்தார். "நீயும் பாரு கண்ணு. என்ற கையில இருக்கறவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆவாது."

கவிதா ஆவலாக எட்டிக் குனிந்தாள்.

"அக்கட்டால நவுரு, மறைக்குது!" என்றார் மாமியார்.

அதன்பின் பிறை நகர நகர, அவர் கையும் கூடவே நகர்ந்தது. கை மாற்றினார், எடுக்கவில்லை. மூடநம்பிக்கை தோற்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பார்த்தது அது இல்லை. பயம் அவரிடம் அப்படியேதான் இருந்தது. வேடிக்கை பார்க்க ஓர் இடம் மட்டும் கொடுத்தது. நம்மில் பலர் அவ்வளவுகூட நகர்வதில்லையே?

சாயங்காலம் முருகேஷ் டேப்போடு ஜன்னலருகே போனாராம். "ஓட்டையை விட்டுட்டேனே அம்மா, சாரி. அடுத்த தடவை டபுள் அட்டை."

"ஓட்டைய மூடினயின்னா பாரு" என்றாராம் சரோஜாம்மா. "பொறக்கற புள்ளைக்கு எதுல காட்டுறது?"