சாயம் போடாத பழுப்பு

என் அண்ணிக்குப் பழுப்பில் பதினொரு வகை தெரியும். எனக்கு இரண்டுதான்: வெளிர், அடர். இத்தனைக்கும் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அண்ணி ஏழாம் வகுப்போடு நின்றவர்.

இருவருக்கும் ஒரே நூற்பாலையில் வேலை. துணியில் தொங்கும் அட்டைக்கு வாசகம் எழுதுவது என் பொறுப்பு. அண்ணி ரோமத்தை நிறவாரியாகப் பிரிக்கும் அறையில் இருக்கிறார். வடக்கு ஜன்னலோரம் கம்பிவலை போட்ட நீள மேஜை, அதைச் சுற்றி ஏழு பெண்கள், ஆளுக்கொரு எண். அண்ணி ஏழு. வானம் மூடிக்கொண்டால் கையை எடுத்துவிடுவார். லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், "டியூப் லைட்ல எல்லாக் கழுதையும் ஒரே நிறம்தான் தம்பி. உங்க ஆபீஸுக்கு அது போதும்" என்பார்.

ஆலைக்கு வருவது அல்பாக்கா ரோமம். அல்பாக்கா ஒட்டகத்துக்குப் பங்காளி, குளிர் மேட்டில் மேய்கிற பிராணி. அதைக் கொல்ல வேண்டியதில்லை, ஆண்டுக்கொரு முறை முடி வெட்டினால் போதும். பாதம் மெத்தென்றிருப்பதால் மேய்ச்சல் தரையைக் கிளறாது. புல்லை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கடித்து விட்டுவிடும். செம்மறி ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு இதில் இல்லாததால் அலசக் கொஞ்சம் தண்ணீர் போதும். எடை குறைவு, கதகதப்பு அதிகம், வருஷக்கணக்கில் உழைக்கும். கடைசியில் மண்ணில் போட்டால் மட்கிப் போகும். பிளாஸ்டிக் நூலைப் போலத் துவைக்கிற தண்ணீரிலெல்லாம் துகளைக் கலந்துவிடாது. நிறமோ வெள்ளையிலிருந்து கறுப்புவரை இருபதுக்கும் மேல், உடம்பிலேயே விளைகிறது. இவ்வளவையும் ஒரு பிராணி சும்மா நின்று தருகிறது. அதிலும் பொய்யைக் கலக்க மனிதனுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

அட்டையில் நான் எழுதியிருந்த கடைசி வரி இது: "சாயம் போடாதது. நிறம் பிரித்த கை: 7." பிரித்த கையின் எண் இல்லாமல் 'சாயம் போடாதது' என்று அச்சிடக் கூடாது என்பது வாங்குகிற கம்பெனியின் நிபந்தனை. அந்த எண்ணுக்குரியவர் கையெழுத்திட்ட சீட்டும் சரக்கோடு போக வேண்டும்.

ஒருநாள் அந்தக் கம்பெனியிடமிருந்து புகார் வந்தது. ஒரே ஆர்டரில் போன இரண்டு சால்வைகளின் பழுப்பு ஒன்றுபோல் இல்லையாம். "ஒருத்தி பெத்த பிள்ளைங்களே ஒரே நிறமா இருக்கறதில்ல. மலையில மேயறது இவங்களுக்காக பெயின்ட் அடிச்சுக்கிட்டு வருமா?" என்று அண்ணி சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அடுத்த ஆர்டருக்கு வெள்ளை ரோமத்தை எடுத்துச் சாயத் தொட்டியில் இறக்கச் சொல்லிவிட்டார். பிரிக்கவும் வேண்டாம், எல்லாம் ஒரே பழுப்பு. என்னிடம், "பழைய அட்டையையே நாலாயிரம் அடிச்சிடு" என்றார். நான் ஏனென்று கேட்கவில்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அந்தச் சரக்கு தயாரானதும், ஒருநாள் காலை அண்ணி ஒரு நூல்கண்டோடும் அச்சான அட்டையோடும் அலுவலகத்துக்குள் வந்தார். மேனேஜர் மேஜையில் இரண்டையும் வைத்து, நூலின் முறுக்கைப் பிரித்துக் காட்டினார்.

"இது யார் பிரிச்சது சார்?"

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் சந்தேகம். பழுப்பு ரோமம்னா வெயில் பட்ட முனை வெளுத்திருக்கும். இதுல ஒரு மயிர்கூட வெளுக்கல. இதுக்கு ஏன் என் நம்பர்?"

"வெறும் நம்பர்தானேம்மா. உன் பேரையா போட்டோம்?"

"வெறும் நம்பர்னா உங்க போன் நம்பரைப் போடுங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் முறைத்ததும் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"வாங்கறவனுக்கு என்னம்மா தெரியப்போவுது?"

"தெரியாதுன்னுதானே என் கையை நம்புறாங்க? சாயம் போடாதீங்கன்னு நான் சொல்லல சார். போட்டா போட்டதுன்னு எழுதுங்க. என் கை செய்யாத வேலைக்கு என் நம்பர் வேணாம். அவ்வளவுதான்."

அண்ணி போனதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணிக்குத் திமிரு ஜாஸ்தி. ஏழாம் நம்பரை எடுத்துட்டு மூணைப் போடு."

மூன்றாம் எண்ணுக்குரியவர் அதிகம் வாய் திறக்காத ஒரு வயதான அம்மா. மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டபோது, "நான் அதைக் கண்ணாலயே பாக்கல சார். பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் தனித்தனியாகக் கேட்டும் அதையேதான் சொன்னார்கள். கூடிப் பேசி வைத்ததாகத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு வேறு பதில் இல்லை.

கடைசியில் மேனேஜர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீ டிகிரி படிச்சவன். உனக்கு எட்டாம் நம்பர் தர்றேன். நீ பிரிச்சதா ஒரு கையெழுத்து போடு."

மூன்று வருடமாக என்னை 'ஏய் அட்டை' என்று கூப்பிட்டவர் அவர். என் படிப்பை அவர் முதன்முதலாக மதித்தது அன்றுதான், ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க. இதற்காகவா படித்தேன்?

"நான் ரோமத்தைத் தொட்டதே இல்ல சார். போட மாட்டேன்."

எண் இல்லையென்றால் அந்த வரியும் இல்லை. சரக்கு ஏற்ற லாரி வாசலில் நின்றது. நான் புதிதாக எழுதினேன்: "அல்பாக்கா ரோமம். வெள்ளை. பழுப்புச் சாயம் போட்டது." மேனேஜர் மூன்று முறை படித்துவிட்டு, பேனா முனை தாளில் குத்த, ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் அண்ணியை பேக்கிங் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னலே கிடையாது. அனுபவசாலி தேவை என்பது காரணமாம். பதினொரு பழுப்பு தெரிந்த கண்ணுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை! இது தண்டனை இல்லாமல் வேறென்ன?

நான் கொதித்துப்போய் இரண்டு பக்கத்துக்கு மனு எழுதிக் கொண்டுபோனேன். அண்ணி பெட்டிமேல் வைத்துப் படித்தார்.

"தம்பி, இதுல எத்தனை 'ஆகவே'! படிச்சு முடிக்கறதுக்குள்ள அவரு ரிடையர் ஆயிடுவாரு."

"அப்புறம் எப்படி எழுதறது அண்ணி?"

"என்னை ஏன் மாத்துனீங்கன்னு கேளு. என் மேஜையைத் திருப்பிக் குடுங்கன்னு கேளு. போதும்."

இரண்டே வரி. அண்ணி கையெழுத்துப் போட்டார். கீழே அந்த ஆறு பெண்களும் போட்டார்கள், இந்த முறை எண் இல்லாமல், முழுப் பெயரோடு. கடிதம் ஒன்பது நாளாக மேனேஜர் மேஜையில் கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதன் நகல், சால்வை வாங்குகிற கம்பெனிக்குப் போகும். உறையில் விலாசம் எழுதியாகிவிட்டது.