மலர்ந்தது எனக்கு

மல்லிகை போட்டவர்களுக்குத் தெரியும், கீரமங்கலம் பூக்கடையில் மொட்டுக்குத்தான் மதிப்பு. மலர்ந்த பூவைச் சீந்த மாட்டார்கள். கல்யாணமான புதிதில் எங்கள் அரை ஏக்கரில் விடியும்போதே இறங்கிவிடுவோம். செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். முந்தின நாள் கண்ணில் படாமல் தப்பிய மொட்டுகள் மலர்ந்து நிற்கும். அவற்றைத் தேடிப் பறித்துத் துண்டில் முடிந்து வைத்திருப்பார்.

"இந்தா புள்ள, கடைக்கு மொட்டு, ஒனக்கு மலர்ந்தது."

"கழிசலை எந்தலையில கட்டுறீங்களாக்கும்?" என்பேன். வாய்தான் அப்படிப் பேசும். அன்று முழுவதும் தலை நிறையப் பூவோடு திரிவேன். ஓட்டு வீடு, மத்தியானம் பழைய சோறு, படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம். ஒரு குறையும் இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

என் ஓரகத்தி மாடி வீடு கட்டினாள். கொழுந்தன் வெளிநாட்டில் இருந்தார். அந்தப் புதுமனைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து நீங்களும் போங்கள் என்று என் வீட்டுக்காரரை அரிக்க ஆரம்பித்தேன்.

"நமக்கென்ன கொறச்சல்? ஒழைக்கிறோம், திங்கிறோம், சிரிச்சுப் பேசிக்கிட்டுக் கெடக்கோம்" என்றார்.

"பேசிக்கிட்டே இருந்தா மாடி எழும்புமா?" என்று கேட்டவள் நான்தான். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்பது வருஷம். அங்கே அவருக்கு கான்கிரீட் உடைக்கும் மெஷினைப் பிடிக்கிற வேலை. இங்கே மாடி எழும்பியது, வழுவழுவென்று டைல்ஸ் போட்டாயிற்று. தோட்டத்தில் நான் மட்டும். என் பக்கத்தை முடித்துவிட்டு அவர் பக்கம் போவதற்குள் வெயில் ஏறிவிடும். மலர்ந்த பூவை அப்படியே விட்டுவிடுவேன், உதிர்ந்து மண்ணில் கிடக்கும். போனில், "தலையில பூ வச்சிருக்கியா?" என்பார். ஆமாம் என்று பொய் சொல்வேன்.

போன வருஷம் ஊருக்கே வந்துவிட்டார். முதல் நாள் விடியலில் எனக்கு முன்னால் தோட்டத்தில் நின்றார். எனக்குப் புதுப்பெண்போல வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். மொட்டெல்லாம் நசுங்கிக் கிடந்தன.

"வெரலு மரத்துப்போச்சு புள்ள. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து இப்புடி ஆயிருச்சு. மொட்டப் புடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல."

பழைய உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்றுவிட்டார் புதுக்கோட்டை டாக்டர். அதன்பிறகு அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டைல்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ஒரு சொல் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். என் வாயால்தானே அனுப்பினேன் என்று தினமும் வெந்தேன்.

போன மாதம் ஒரு விடியலில் செடிக்கு அந்தப் பக்கம் இலை அசைந்தது. அவர்தான். மொட்டைத் தொடவில்லை. மொட்டைக் காம்போடு கிள்ளத்தான் நகம் வேண்டும், மலர்ந்த பூ கை பட்டாலே கழன்று வந்துவிடும். காம்பு மட்டும் செடியிலேயே நின்றுவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"காம்பு இல்ல, கட்ட முடியாது. இருந்தாலும் ஒன் பங்கு" என்று நீட்டினார்.

கட்ட முடியாவிட்டால் என்ன, கோர்க்கலாமே என்று வீட்டில் ஊசியைத் தேடி எடுத்தேன். கண்ணீர் மறைத்ததில் ஊசிக் காது தெரியவில்லை. ஊசியைப் பிடிக்க அவராலும் முடியவில்லை. அந்த வழுவழுத் தரையில், நடுவில் பூவை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இப்போது தினமும் அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். இரண்டு பக்கத்து மொட்டையும் நானே பறிக்கிறேன். அவர் பக்கத்தில் மட்டும், அவர் பார்க்காத நேரத்தில், நாலைந்து மொட்டைப் பறிக்காமல் விட்டுவிட்டு வருகிறேன். மறுநாள் மலர்ந்திருக்க வேண்டுமே.